மடம் காலியான பிறகு

பழைய கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தால் போதும், எங்கள் தீவில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கலைக்கூடமாக ஆக்கிவிடலாமே." சர்க்கரை ஆலை மூடினால் அருங்காட்சியகம், முதலாளியின் மாளிகை ஒழிந்தால் கண்காட்சி மண்டபம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இது பழகிப்போன வழி. இப்போது அந்தப் பேச்சு எங்கள் கோயில் வாசலுக்கே வந்து நிற்கிறது.

தீவின் கிழக்குக் கரையில், கரும்புக் காட்டின் ஓரத்தில், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் எழுப்பிய தகரக் கூரைக் கோயில் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே கோபுரத்தோடு புதிய கோயில் எழும்பி, அம்மன் அங்கே குடியேறிவிட்டாள். பழைய கொட்டகை வெறுமனே நிற்கிறது. இளைஞர்கள் சிலர் அதை நவீன ஓவியக் கூடமாக மாற்றித் தரும்படி கேட்கிறார்கள். பெரியவர்கள் சிலர் இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்யலாம் என்கிறார்கள். பள்ளியில் ஓவியம் கற்பிப்பவள் என்பதால் என்னிடமும் கருத்துக் கேட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் வழிபட்ட இடத்தைக் கலைக்கூடமாக்குகிறவர்கள், எதில் கை வைக்கலாம் எதில் கை வைக்கக்கூடாது என்பதில் கறாராக இருக்க வேண்டும். அந்த இடத்தில் பெயரும் பெருமையும் இல்லாமல் இருந்துவிட்டுப் போனவர்களின் தடம்தான் முதலில் அழிகிறது. காப்பாற்றத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான். எனக்கு இது உறைத்தது பிரான்சில், ஃபோந்தவ்ரோ மடத்தில்.

லுவார் ஆற்றுப் பக்கம், சோமூர் நகரை அடுத்து இருக்கிறது ஃபோந்தவ்ரோ. ரொபேர் தார்பிரிசெல் என்ற துறவி, ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்தவர், 1101-ல் நிறுவியது. அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஒரு விதியை அவர் அங்கே வைத்தார். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்வார்கள். எல்லோருக்கும் தலைமை ஒரு பெண். அப்படி 36 தலைவியர் ஏறக்குறைய 700 ஆண்டுகள் அந்த மடத்தை ஆண்டிருக்கிறார்கள். ஆண்கள் அவர்களுக்குக் கட்டுப்பட்டு நடந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி, அவர் மனைவி எலியனோர், மகன் ரிச்சர்ட் மூவருடைய கற்சிலைகளும் தேவாலயத்தின் நடுக்கூடத்தில் படுத்த நிலையில் இருக்கின்றன. அரசர்கள் இருவரும் செங்கோலும் வாளுமாகக் கிடக்க, எலியனோர் மட்டும் திறந்த புத்தகத்தைக் கையில் பிடித்திருக்கிறாள். நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

1789 நவம்பரில் திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமை ஆயின. 1790 பிப்ரவரியில் துறவற உறுதிமொழிகளே செல்லாது என்று புரட்சி அரசு அறிவித்தது. 1792-ல் கடைசிக் கன்னியர்களும் வெளியேறினார்கள். மடம் காலி. மடம் அருங்காட்சியகம் ஆனது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரு தாவு தாவி இன்றைக்கு வந்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் காலத்தை நான் விட்டுவிடத் தயாராக இல்லை.

1804-ல் நெப்போலியன் இந்த மடத்தைச் சிறையாக்க ஆணையிட்டார். 1814-ல் கைதிகள் வந்து சேர்ந்தார்கள். எலியனோர் துயிலும் அதே தேவாலயத்தின் உயர்ந்த நடுக்கூடத்தில் குறுக்கே தளம் தளமாகப் போட்டு, அடுக்கடுக்காக மனிதர்களைப் படுக்க வைத்தார்கள். பிரான்சின் மிகக் கடுமையான சிறைகளில் ஒன்று என்று பெயரெடுத்த இடம் அது. 1963-ல்தான் சிறை மூடப்பட்டது. வளாகத்தைப் பராமரிக்க வைத்திருந்த சில கைதிகள் 1985 வரைகூட இருந்தார்கள். ஏறத்தாழ 150 ஆண்டுகள்! இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறையானதால்தான் அந்தக் கட்டடம் பிழைத்தது. புரட்சிக்குப் பிறகு விற்கப்பட்ட குளூனி மடத்தை, ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய தேவாலயம் இருந்த மடத்தை, கல்லுக்காக உடைத்து உடைத்து எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குதான். ஃபோந்தவ்ரோவைக் கைதிகளின் உடலும் உழைப்பும் தாங்கி நிறுத்தின என்றே நான் சொல்வேன்.

நவீன ஓவியங்கள் அங்கே வந்தது 2021 மே மாதத்தில். மார்த்தின், லெயோன் கிளிக்மன் தம்பதி வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் 900 பொருட்கள் அங்கே சேர்ந்தன. லெயோன் துணி ஆலை நடத்தியவர், மார்த்தின் ஓவியர். தெரேன், விளாமிங்க், துலூஸ் லொத்ரெக் ஓவியங்கள், ஜெர்மேன் ரிஷியே சிற்பங்கள், இவற்றுக்கு இடையே ஆப்பிரிக்க முகமூடிகள், பழங்காலச் சிறு பொம்மைகள். எந்த நூற்றாண்டு, எந்த நாடு என்று பிரித்து வைக்கவில்லை. ஒரு வீட்டில் அலமாரி மேல் எது எதன் பக்கத்தில் இருக்குமோ அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரு முகமூடிக்கு எதிரே ஓவியத்தில் ஒரு முகம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

என்னை நெகிழ வைத்தது வேறு. இத்தனையையும் அவர்கள் தேவாலயத்தில் மாட்டவில்லை. ஃபன்னெரி என்ற 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மடத் தலைவியின் குதிரைகளும் வைக்கோலும் இருந்த பக்கம், அதுதான் அருங்காட்சியகம் ஆனது. வெண்ணிறத் தூஃபோ கல்லால் ஆன நீளக் கட்டடம். அந்தக் கல் மிருதுவானது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓவியத்துக்கோ காற்றின் ஈரம் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருக்க வேண்டும். அதனால் பழைய சுவருக்குள் இன்னொரு சுவர், குழாய், இயந்திரம் எல்லாம் தேவைப்படும். இத்தனை வேலையையும் தொழுவத்தில் செய்யலாம். தேவாலயத்தில் செய்யத் தொடங்கினால் அது தேவாலயமாக மிஞ்சாது. அங்கே இப்போது அந்தப் படுத்த சிலைகளும் வெளிச்சமும் மட்டும்தான். தளம் போட்டு மனிதர்களை அடைத்த இடத்தை மறுபடி எதையாவது கொண்டு அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். மடத்தைக் கலைக்கூடமாக்க நினைக்கும் எவரும் வைக்கோல் அறை வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. ஜெர்மன் எல்லையை ஒட்டிய கொல்மார் நகரில், தொமினிக்கன் கன்னியர்கள் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய உன்தர்லிண்டன் மடம் 1853-லேயே அருங்காட்சியகம் ஆகிவிட்டது. அங்கே கன்னியர்களின் சிற்றாலயத்துக்குள்ளேதான் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. குருனெவால்ட் 1512 முதல் 1516 வரை வரைந்தது. அது அந்த மடத்துக்காக வரையப்பட்டதும் இல்லை. சற்றுத் தள்ளி ஈசன்ஹைமில் அந்தோனியார் சபைத் துறவிகள் நடத்திய மருத்துவமனைக்காக வரைந்தது. ரை தானியத்தில் படரும் ஒரு பூஞ்சையால் கைகால் எரிந்து அழுகும் நோய் அப்போது ஐரோப்பாவை வாட்டியது. அந்த நோயாளிகளை இந்த ஓவியத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோலெங்கும் முள் தைத்த புண்கள், பச்சை பாரித்த உடல், வானத்தை நோக்கி விறைத்து விரிந்த விரல்கள். தன் நோயைத் தன் கடவுளின் உடம்பில் பார்த்திருக்கிறார்கள் அந்த மக்கள்.

அங்கே நான் பெரியம்மாவோடு போயிருந்தேன். நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள், மீதிப் பேர் மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைக்கிறவர்கள். பெரியம்மா மாதா பக்கம். ஸ்த்ராஸ்பூரில் மகனோடு இருக்கிறார். ஓவியத்தின் முன்னால் வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று வாய்விட்டே சொல்லத் தொடங்கிவிட்டார். சுற்றிலும் காதில் கருவி மாட்டிக்கொண்டு விளக்கம் கேட்கும் கூட்டம். காவலாளி இரண்டடி முன்னால் வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். செபம் முடிந்ததும் பெரியம்மா என்னிடம், "ஏன் அம்மாடி, இதைக் கோயிலிலிருந்து எடுத்து இங்கே வைத்தார்களா, இல்லை இதுவே கோயிலா?" என்று கேட்டார். இரண்டும்தான் பெரியம்மா என்றேன்.

அந்த ஓவியம் பலகைக் கதவுகளால் ஆனது. வார நாட்களில் மூடியிருக்கும், திருநாட்களில் திறக்கும், உள்ளே இன்னொரு அடுக்கு திறக்கும். நோயாளி உயிர்த்தெழுதலின் ஒளியைப் பார்க்க அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். திரை விலகக் காத்திருந்து தரிசனம் செய்து பழகிய நமக்கு அந்தக் காத்திருப்பின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தில் பலகைகளைப் பிரித்துத் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். எந்நேரமும் எல்லாப் பக்கமும் தெரியும். ஓவிய ஆசிரியைக்கு அது கொண்டாட்டம்; தூரிகையின் ஒவ்வொரு இழுப்பையும் பார்க்கலாம். பெரியம்மாவுக்கு அதில் ஒரு குறை. இரண்டு பேர் சொல்வதும் சரி.

சரி, தீவுக்கு வருகிறேன்.

தீவின் தலைநகரான சேன்-தெனியில் பாரி தெருவில் இருக்கும் லெயோன் தியர்க்ஸ் அருங்காட்சியகத்துக்கு என் மாணவர்களை அழைத்துப் போவது வழக்கம். தூண்களும் தாழ்வாரமுமாக நிற்கும் அந்தப் பழைய மாளிகை ஒரு காலத்தில் ஆயரின் இல்லம். பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டம் 1905-ல் வந்தது. 1911-ல் ஓர் ஆணை மூலம் அது ரெயூனியனுக்கும் வந்தது. அதே 1911-ல் தோன்றியது இந்த அருங்காட்சியகம். மாரியுஸ்-ஆரி லெப்லோன் என்ற ஒற்றைப் பெயரில் எழுதிய இரண்டு ரெயூனியன் எழுத்தாளர்கள் முன்நின்று உருவாக்கினார்கள். ஆயர் இல்லம் என்பது மடமும் இல்லை, கோயிலும் இல்லைதான். ஆனால் திருச்சபையின் சுவருக்குள் ஓவியம் குடியேறியதற்கு எங்கள் தீவில் இதுவே மூத்த சாட்சி.

உள்ளே இருக்கும் செல்வத்துக்குக் காரணம் சேன்-தெனியில் 1866-ல் பிறந்த ஒருவர், அம்புரோவாஸ் வொல்லார். பாரிசில் ஓவிய வியாபாரியானவர். செசானுக்கு முதல் தனிக் கண்காட்சியை 1895-லும், பிக்காசோவுக்குப் பாரிசின் முதல் கண்காட்சியை 1901-லும் வைத்தவர். 1939-ல் கார் விபத்தில் இறந்தார். அவர் தம்பி லுசியன் 1947-ல் 157 படைப்புகளைப் பிறந்த தீவுக்குக் கொடுத்தார். கரும்பும் வெனிலாவும் விளையும் ஒரு தீவின் குழந்தைகள், பள்ளிப் பேருந்தில் போய் இறங்கி, அந்தக் கொடையின் எதிரே நிற்க முடிகிறது.

உள்ளே போனதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் டீச்சர் இவ்வளவு இருட்டு?" தாளில் வரைந்த படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது. எண்ணெய் ஓவியத்துக்கு 150, 200 வரை போகலாம். வெளியே எங்கள் நண்பகல் வெயில் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். காற்றில் கடல் உப்பு, சுவரில் பூஞ்சை, மரத்தில் கரையான், ஜனவரியில் புயல் எச்சரிக்கை. வெப்பத் தீவில் ஒரு படத்தைக் காப்பதற்கே ஒரு தவம் வேண்டும். ஒருமுறை வகுப்பின் மிகச் சுட்டியான பையன், கண் இருட்டுக்குப் பழகும்வரை சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்துபோய் ஒரு சிறிய கரிக்கோட்டுப் படத்தின் முன்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதடு பிரியாமல் பார்த்தான். தேவாலயத்திலும் கோயிலிலும் அவன் அப்படி நின்றதில்லை என்று அவன் அம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் பித்தோன் சேன்-லூவில் ஸ்தெல்லா மத்துத்தினா சர்க்கரை ஆலை 1978-ல் மூடி, 1991-ல் அருங்காட்சியகமாகத் திறந்து, புதுப்பிக்கப்பட்டு 2015-ல் மறுபடி திறந்தது. தீவெங்கும் புகை விட்ட ஆலைகளில் இன்று இயங்குபவை புவா ரூழ், லெ கோல் இரண்டே இரண்டு. எங்கள் ஊர்க்காரர்களின் கொள்ளுத் தாத்தாக்கள் இந்த ஆலைகளின் உலைவாயில் நின்றவர்கள். 1860-ல் பிரான்சும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கையின்படி 1861 முதல் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டு, 1882-ல் நிறுத்தப்படும்வரை வந்துகொண்டே இருந்தவர்கள். ஞாயிறு காலை பூசைக்குத் தேவாலயம், மாலையில் ஆலை ஓரத்து அம்மன் கோயில் என்று இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள். ஆலையின் இயந்திரங்கள் பிரம்மாண்டமானவை, பார்க்கிறவர் வாய் பிளப்பார்கள். ஆனால் அந்த இயந்திரத்தைத் துடைத்த துணியும், துடைத்தவன் இரவில் வந்து படுத்த கூடாரமும் இயந்திரம் அளவுக்கு நீடிக்கும் பொருட்கள் இல்லை. அவனுடையது என்று சொல்லக் கிழக்குக் கரையில் இன்னும் நிற்பது அந்தத் தகரக் கொட்டகை போன்ற சில இடங்கள்தான்.

புதிய கோயிலின் சுதை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு ஸ்தபதி வந்திருந்தார். மாமல்லபுரத்தில் படித்தவர். சாரத்தின் கீழே உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் அவரிடம் கேட்டேன்: "சாமி இருந்த இடத்தில் படம் மாட்டலாமா ஐயா?" அவர் தயங்கவே இல்லை. "கலாகர்ஷணம் எதற்குச் செய்கிறோம் டீச்சரம்மா? அம்மனின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, பாலாலயத்தில் வைத்துப் பூஜித்து, புதுக் கோயிலில் ஏற்றியாகிவிட்டது. அதன் பிறகு அது மரமும் தகரமும்தான். ஆனால் கருவறை இருந்த நாலடி இடத்தை மட்டும் யாரும் மிதிக்காமல் பாருங்கள். ஒரு விளக்கோ துளசியோ வையுங்கள். மிச்ச இடத்தில் பிள்ளைகள் படம் மாட்டினால் அம்மனுக்கு என்ன குறை?"

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும் இதே பக்குவம் இருக்கிறது. வழிபாட்டுக்குப் பயன்படாத ஆலயத்தை ஆயர் உலகியல் பயனுக்கு விடலாம், ஆனால் அந்தப் பயன் இழிவானதாக இருக்கக் கூடாது என்கிறது 1222-ஆம் விதி. ரோமிலும் மாமல்லபுரத்திலும் ஒரே எல்லைக்கோடு. லியோன் நகருக்குப் பக்கத்தில் லெ கொர்புசியே கட்டிய லா தூரெத் மடத்தில் துறவிகள் காலியே செய்யவில்லை. தாங்கள் வாழும் இடத்திலேயே நவீனக் கலைஞர்களை அழைத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். 2015-ல் அனிஷ் கபூரின் படைப்புகள் அங்கே இருந்தன. கலையும் வழிபாடும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் அந்தத் துறவிகளை நினைத்துக்கொள்ளலாம்.

கொட்டகைக்கு வருகிறேன். போன வாரம் சாவி வாங்கிப் போய்த் தனியாகப் பார்த்தேன். மரத் தூண்கள் ஆறும் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன, தோள் உயரத்தில் மட்டும். திருவிழா நெரிசலில் சாய்ந்து நின்றவர்களின் தோள்கள் செய்த வேலை. பின்பக்கம் சமையல் சாய்ப்பு. மூன்று கல் அடுப்புகள், அவற்றுக்கு மேலே சுவர் முழுக்கக் கரி. பூசை முடிந்து வாழையிலை போட்டு ஊருக்கே சோறு போட்ட அடுப்புகள். கரி தடித்து, மெழுகியது மாதிரிப் பளபளக்கிறது. அதில் ஒரு மூலையில் விரலால் கிழித்த கோடுகள், ஐந்து ஐந்தாக. எத்தனை இலை, எத்தனை படி அரிசி என்று யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாத கை என்று பார்த்தாலே தெரிகிறது. ஒரு கோட்டை அழித்து, பக்கத்தில் மறுபடி போட்டிருக்கிறது அந்தக் கை.

இளைஞர்கள் தந்த திட்டத்தில் முதல் வரி என்ன தெரியுமா? "சுவர் முழுவதும் வெள்ளை அடித்தல்." ஓவியக் கூடம் என்றால் வெள்ளைச் சுவர் என்று அவர்கள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கரிச் சுவர்தான் அந்தக் கூடத்தின் முதல் ஓவியம். அதை அடித்து மறைத்துவிட்டு அதன் மேல் எந்தப் பெரிய கலைஞரின் படத்தை மாட்டினாலும் நான் வந்து பார்க்கமாட்டேன்.

எனவே நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இடிக்க வேண்டாம். கருவறை இருந்த நாலடியைக் கயிறு கட்டிக் காலியாக விடுங்கள். தூண்களுக்கு வண்ணம் வேண்டாம், கரையான் மருந்து மட்டும் போதும். படங்களை முன் மண்டபத்தில் தனிச் சட்டங்கள் நிறுத்தி அவற்றில் மாட்டுங்கள். பழைய சுவரில் ஆணி இறங்கக் கூடாது. தகரக் கூரைக்கு அடியில் மூங்கில் பாயாவது போட்டால் சூடு குறையும். மழைக்காலத்தில் கண்காட்சி வேண்டாம், மே முதல் அக்டோபர் வரை போதும்; தாள் ஓவியங்களைப் புயல் மாதங்களில் அங்கே வைப்பது கொலை. சமையல் சாய்ப்பைத் தொடாதீர்கள், கண்காட்சி திறக்கும் நாளில் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து இலை போடுங்கள். கப்பலில் வந்தவர்களின் பெயர்கள் ஊர்க் குடும்பங்களில் பத்திரமாக இருக்கும் பழைய தாள்களில் இருக்கின்றன; தமிழிலும் பிரெஞ்சிலும் வாசலில் எழுதி வையுங்கள். ஃபோந்தவ்ரோவின் கைதிகளுக்குக் கிடைக்க இத்தனை காலம் ஆன இடம், நம்மவர்களுக்கு முதல் நாளிலேயே கிடைக்கட்டும்.

குழு கூடுவது ஆடி மாதத் தீமிதி முடிந்த பிறகு. அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கொட்டகை கோயிலாக இருந்த நாட்களில் எடுத்த புகைப்படம், திருமணப் படமோ காவடிப் படமோ, உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். பின்னணியில் அந்தச் சுவரும் தூண்களும் கொஞ்சம் தெரிந்தால்கூடப் போதும். நானே வீட்டுக்கு வந்து, அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு, படத்தை உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவேன்.